வெள்ளிக்கிழமை படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

திண்டுக்கல்
25.11.2002

அன்புள்ள அக்கா சுந்தரம்மாளுக்கு,

உடன்பிறந்த தம்பி தங்கமுத்து வணங்கி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, குஜிலியம்பாறையில் கடலைக்கு மழை விழுந்ததா என்பதையெல்லாம் பிறகு எழுது. முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேள்.

உன் மகன் விக்னேஷ்குமார், என் மகள் மணிமேகலைக்குப் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளை, வீட்டோடு சேர்ந்த என் விதைக்கடைக்கென்று தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தானே, அது ஆறு நாள் ஒழுங்காக ஓடுகிறது, வெள்ளிக்கிழமை ஆனால் படுத்துவிடுகிறது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, கீக் கீக் என்று கத்துகிறது, திரை மட்டும் கறுப்பு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் உன் மகன் வந்து இறங்குகிறான். அவன் கைபட்டால் ஓடுகிறது! சனிக்கிழமை இங்கே வரவேண்டும் என்பதற்காகவே வெள்ளிக்கிழமை படுக்கிற மாதிரி உள்ளே ஏதோ செய்துவைத்திருக்கிறான் என்பது என் சந்தேகம். ஏழு மணிக்கு முன் எழுந்தே பழக்கமில்லாத மேகலை, சனிக்கிழமை மட்டும் விடியும் முன் குளித்துப் பூ வைத்து நிற்கிறாள். அவளுக்கும் இதில் பங்குண்டு.

இன்னும் கேள். மூடியைக் கழற்றியதும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறான். விரல் நீளத்துக்கு ஓர் அட்டையை உருவி, பென்சில் ரப்பரால் தேய் தேய் என்று தேய்க்கிறான், ஊதுகிறான், செருகுகிறான். நல்ல அட்டையை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டுகிறானோ என்று எட்டிப் பார்த்தேன்.

"என்னப்பு அது, இங்கிட்டுக் காட்டு" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா, தூசி."

"வெள்ளிக்கிழமை பாத்துத்தான் தூசி வருமாக்கும்?"

"நம்மூருக் காத்து அப்பிடி மாமா" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை, அக்கா. போன சனிக்கிழமை என்ன செய்தான் தெரியுமா? சின்னப் பூட்டு ஒன்றை வாங்கிவந்து அந்த மூடியில் மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். திண்டுக்கல்காரன் வீட்டில், திண்டுக்கல் பூட்டு, சாவி குஜிலியம்பாறையில்! இன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பூட்டுகிறவன் நாளைக்கு என் மகளை அடைத்துவைக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? ஆகவே தை மாதக் கல்யாணம் வேண்டாம். நீ அழுவாய், எனக்குத் தெரியும். நானும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

மனம் கசந்தாலும் உன் காலில் விழத் தயங்காத தம்பி,
தங்கமுத்து

பி.கு.: மாப்பிள்ளை விக்னேஷுக்கு. தபாலில் போடும் முன் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜெரோமை வைத்துப் பூட்டை உடைத்தேன். உள்ளே பார்த்தவர், "என்னண்ணே, கம்ப்யூட்டருக்குக் காதுகுத்தா வெச்சீங்க? ஓரமெல்லாம் சந்தனமால்ல இருக்கு!" என்றார். தராசுக்கும் கல்லாவுக்கும் வெள்ளிதோறும் பொட்டு வைக்கிறவன் நான். இதற்கு வெளியே மட்டும் வைத்தால் போதாதென்று, நீ பாகங்களை மாட்டும்போது பார்த்தபடியே அந்த அட்டையை உருவி, தங்கமாக மின்னும் பல்வரிசையில் சந்தனமும் குங்குமமும் இட்டுத் திரும்பச் செருகிவந்தேன். அதனால்தான் வெள்ளிதோறும் படுத்திருக்கிறது. "வாராவாரம் எவனோ பொறுமையாத் தேச்சு எடுத்திருக்கான். நானா இருந்தா மொத நாளே கத்திருப்பேன்" என்றார் ஜெரோம். மாமன் மனசு நோகக் கூடாதென்றுதானே தூசி என்றாய், என் கை உள்ளே போகாமலிருக்கத்தானே பூட்டையும் மாட்டினாய்?

வெட்கமாக இருக்கிறது, அப்பு. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, நீதான் வாசித்துக் காட்டுவாய் என்பதும் கோபத்தில் மறந்துபோனது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஆனால் உன்னை எப்படியெல்லாம் நினைத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் இந்த வீட்டில் பெண் எடுக்க மனமிருந்தால், அம்மாவிடம், "மாமா வீட்ல எல்லாரும் சொகமாம், தையில முகூர்த்தம் பாக்கச் சொல்றாரு" என்று மட்டும் வாசி.