மாப்பிள்ளை வாய் திறக்காத வழக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முழங்கால் வலியை முதலில் விசாரித்துவிடுகிறேன், பிறகு இடம் இருக்காது. குணமாகியிருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை விடுதலை! உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பூட்டை உடைக்காமலே யாரோ திறந்து திருடிப் போக, அந்தத் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் இவர் ஒருவர்தான் என்று போலீஸ் இவரைப் பிடித்துப் போனதும், ஸ்டேஷனில் என்ன கேட்டும் இவர் வாயே திறக்காததும், "குற்றமில்லாதவன் பேசியிருப்பானே" என்று கீழ்க்கோர்ட்டில் இரண்டு வருஷம் ஜெயில் போட்டதும் உனக்குத் தெரியும். "ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று நீயும்தான் போனில் கத்தினாய். நானும் உன் கட்சிதான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த மனுஷரோ கல்யாணத்துக்கே தலையாட்டித்தான் சம்மதம் சொன்னார்.

ஆனால் நீதிபதி சொல்லிவிட்டார்: பேசாமல் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை, அதையே அவருக்கு எதிரான சாட்சியாக்கக் கூடாது, வேறு ஆதாரம் எதுவும் இல்லை. "உங்க மாப்பிள்ளை பெரிய கொள்கைக்காரர்மா!" என்றாள் வக்கீலம்மா. என் மகள் கோர்ட் வராந்தாவிலேயே அழுதாள். நான் அழவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

இப்போது அந்த உரிமை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காலையில் என் பீங்கான் கோப்பைக்குக் காதைக் காணோம். "யாரு உடைச்சது?" என்றேன். மாப்பிள்ளை பேப்பரைப் பார்த்தார். "அவர் பேசலைங்கிறதை வச்சு நீ முடிவு கட்டக்கூடாதும்மா, ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு" என்கிறாள் மகள். போகட்டும். மாசக்கணக்கில் காலியாகக் கிடந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோப்பையிலேயே நான்தான் அவருக்குக் காப்பி ஊற்றினேன்.

நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்: எங்கள் மாப்பிள்ளை கொள்கைக்காக உள்ளே இருந்தவர். உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், முழங்காலுக்குத் தனியாக ஒன்று.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். 'கொள்கை' வந்த இடத்தில் வாய் திறந்தார். "அத்தை, போலீஸ் பிடிச்ச அன்னைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தாங்க. வாய் நிறையப் பஞ்சு. சாயங்காலம் வரைக்கும் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்."

"மறுநாள் சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை!"

"மறுநாள் யாரும் கேக்கலையே, அத்தை."

படித்ததும் இதைக் கிழித்துவிடு. அந்த நீதிபதி பாவம், அறுபது பக்கம் எழுதியிருக்கிறார்.