கடைசி ரவுண்டுக்குப் பிறகு சஹன்

உலகத்தில் இதுவரை ஒரேயொரு படம்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்று நம்பிய மனிதரை நான் ஒருவரைத்தான் சந்தித்திருக்கிறேன். மற்றவையெல்லாம் அவருக்கு விளம்பரங்கள்.

ஆலங்குடாவில் ஓட்டோ ஓட்டும் அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கும் பொலிஸ்காரரைத் தவிர வேறு எவரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எங்களுக்கு அவர் கடைசி ரவுண்ட் நானா. அவருடைய படம், நீங்களும் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பழைய ஆங்கிலக் குத்துச்சண்டைப் படம்தான். யாரும் கணக்கில் எடுக்காத ஓர் ஏழைக்கு உலகச் சம்பியனோடு மோத வாய்ப்புக் கிடைக்கிறது. பதினைந்து ரவுண்ட். அவ்வளவுதான் கதை.

நானாவின் வாயில் அந்தக் கதையின் நீளம் பயணத்தைப் பொறுத்தது. புத்தளத்துக்குப் போனால் ஒரு தடவை கேட்கலாம். சிலாபத்துக்குப் போனால் இரண்டு தடவை. பாலாவிச் சந்தியில் சம்பியன் முதல் முறையாக விழுவான். அதை நடித்துக் காட்ட நானா இரண்டு கைகளையும் ஹேண்டிலிலிருந்து எடுப்பார். ஓட்டோவில் இருப்பவர்கள் கலிமாச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருமுறை மாம்புரியில் பல்வலியோடு ஏறிய வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது பதினாலாவது ரவுண்ட் நடந்துகொண்டிருந்தது.

"நானா, ஆஸ்பத்திரி பின்னுக்குப் போகுது."

"பொறுங்க காக்கா, மணி அடிக்கட்டும்."

மணி அடித்தபோது அவர்கள் மீன் சந்தையில் நின்றார்கள். தோட்டக்காரர் கன்னத்தைப் பொத்தியபடி, "பிறகு, வெண்டானா?" என்று கேட்டாராம்.

தோற்றுப்போனவர்களுக்குக் கதை இலவசம். கணிதத்தில் கோட்டைவிட்ட பிள்ளை, கட்டாருக்குப் புறப்பட்டு மெடிக்கலில் திருப்பி அனுப்பப்பட்டவர், கடலில் வலையைப் பறிகொடுத்தவர் என்று யாராக இருந்தாலும், சொந்தக்காரர்கள் வருவதற்கு முன் நானாவின் ஓட்டோ வாசலில் நிற்கும். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன ஒரு வீட்டில், பெண்ணின் உம்மாவுக்கு முழுப் படத்தையும் சொன்னார்.

"நானா, என்ட மகளுக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன சம்பந்தம்?"

"பிள்ளை எட்டாம் ரவுண்டிலதான் நிக்கிறா, ராத்தா. இன்னும் ஏழு இருக்கு."

இத்தனைக்கும் நானா அந்தப் படத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு, நாங்கள் புத்தளத்தில் அகதி முகாமின் கிடுகுக் கொட்டில்களில் இருந்த காலம். யாரோ புண்ணியவான் டவுனிலிருந்து வீடியோ டெக்கும் ஒரு கசெட்டும் கொண்டுவந்தார். முகாமே மணலில் உட்கார்ந்து பார்த்தது. கடைசி ரவுண்ட் முடிய மணி அடிக்கிறது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். திரையில் பொறி பறக்கிறது. அடுத்த காட்சியில் புத்தளத்து முஸ்லிம் வீடொன்றில் ஒரு கல்யாணம் நடக்கிறது. ஆண்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே பெரிய தட்டிலிருந்து புரியாணியை அள்ளிச் சாப்பிடுகிறார்கள்.

கசெட் கடைக்காரர் படத்தின் வாலில் தன் மச்சானின் கல்யாணத்தைப் பதிவுசெய்திருந்தார். மறுநாள் வந்து விளக்கமும் சொன்னார். நானாவைத் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அது அந்தக் குத்துச்சண்டைக்காரனின் கல்யாணமேதான் என்று அவர் நின்றார். மாப்பிள்ளையின் முகம் வேறாக இருந்ததே என்று கேட்டவர்களிடம், "பதினஞ்சு ரவுண்ட் அடி வாங்கினவன்ட முகம் அப்பிடியே இருக்குமா?" என்றார். அவன் வென்றானா என்பதே தெரியாதே என்றவர்களை அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"தோத்த வீட்டில சஹன் வைப்பாங்களா?"

முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஊரில் அந்தக் குத்துச்சண்டைக்காரன் வென்றுகொண்டே இருந்தான். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. ஆனாலும் யாரும் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே இருநூறு தடவை கேட்ட கதையை எதற்காகப் பார்ப்பது? நானும் பார்க்கவில்லை.

கடந்த வருடம் எங்கள் குடியிருப்பின் உதைபந்தாட்ட அணி முதல் தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரணி டவுன் டீம். அவர்களிடம் பயிற்சியாளர் இருந்தார். எங்களிடம் நானா இருந்தார். நாங்கள் வீடு கட்டி, தோட்டம் செய்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட பிறகும் மைதானத்தில் எங்களுக்குப் பெயர் 'முகாம் டீம்'தான். ஒரு கிண்ணத்தோடு திரும்பினால் அந்தப் பெயர் போகும் என்று பொடியன்மார் நம்பினார்கள்.

போட்டிக்கு முதல்நாள் நானாவுக்கு ஒரு யோசனை வந்தது. படத்தை அணிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அணித் தலைவன் அஸ்மிக்கு, ஆலங்குடாக் கடலில் பட்டச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டலில் வேலை. அங்கிருந்து புரொஜெக்டர் வந்தது. அடுத்த நாளுக்கான புரியாணிக்கு நானா ஆட்டிறைச்சியும் சொல்லிவைத்தார்.

"வெண்ட பிறகு சமைப்பமே," என்றார் அவருடைய மனைவி.

"படத்தில சோறு உடனே வந்திச்சு. அதுக்குப் பிறகு அரிசி களைஞ்சத நான் பார்க்கேல்ல."

நான் கொழும்பிலிருந்து போட்டிக்காக வந்திருந்தேன். மாலை மஃரிப் தொழுகை முடிந்து, பாடசாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓடியது. நானா எல்லாக் காட்சியையும் அரை நிமிடம் முன்னதாகவே சொன்னார். கடைசி ரவுண்ட் முடிய மணி அடித்தது. பொறி பறக்கவில்லை. அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் ஏதோ வாசித்தார். சம்பியனின் கை உயர்ந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"கலியாணம் எங்க?" என்றார் நானா.

அஸ்மிக்கு ஹோட்டல் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். "நானா, மற்றவனுக்குக் குடுத்திட்டாங்க. புள்ளியில இவன் தோத்திட்டான்."

"சரியாக் கேட்டியா?"

"கை தூக்கினதப் பார்த்தீங்கதானே."

கோல் காப்பாளன் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டான். "இவ்வளவு காலமா எங்களுக்கு விட்டது புளுகு. நாளைக்கு டவுன்காரன் எத்தினை போடப்போறானோ."

நானா ஓட்டோவை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஒரு தோல்வியைக் கண்டபின் கதை சொல்லாமல் அவர் போனதை அன்றுதான் பார்த்தேன். அஸ்மி என்னிடம், நாளைக்குப் பதினொரு பேர் தேறுவார்களா தெரியாது என்றான்.

விடியற்காலை சுபஹுத் தொழுது முடித்த கையோடு நானா அஸ்மியின் வாசலில் நின்றாராம். கடைசி ரவுண்டை மட்டும் போனில் போடச் சொல்லியிருக்கிறார்.

"மணி அடிக்கேக்க இவன் எங்க இருக்கிறான்? கீழயா?"

"இல்ல நானா. காலிலதான் நிக்கிறான்."

"சம்பியனோட கடைசிவரைக்கும் நிண்ட வேற ஆக்கள் இருக்கா?"

"இல்ல எண்டுதான் படத்தில சொல்றாங்க."

"அப்ப நான் சொன்னதில பாதி சரி." போனை அஸ்மியிடம் கொடுத்துவிட்டு, அணியில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஓட்டோவை விட்டிருக்கிறார். கதை எதுவும் இல்லை. "ஏறு" என்ற ஒரே சொல்தான்.

பதினொரு பேரும் வந்தார்கள். டவுன் டீம் எத்தனை கோல் போடும் என்பதைப் பற்றித்தான் மைதானத்தில் பேச்சாக இருந்தது. இடைவேளை வரையிலும் ஒரு கோலும் விழவில்லை. பேச்சுக் குறைந்தது. முதல்நாள் குறைப்பட்டுக்கொண்ட கோல் காப்பாளன் நெஞ்சாலும் முகத்தாலும் பந்தைத் தடுத்தான். ஆட்டம் முடியும் தறுவாயில் டவுன் டீம் ஒன்று போட்டது. அந்த ஒன்றோடு முடிந்தது.

அஸ்மி புல்லில் மல்லாந்து கிடந்தான். அப்போது கோல் கம்பத்துக்கும் கொடிக்கும் இடையால் ஓட்டோ ஒன்று மைதானத்துக்குள் நுழைந்தது. பின்னாசனத்தில் சஹன் தட்டுகளும் ஒரு பெரிய புரியாணிக் கிடாரமும் இருந்தன. கிடாரத்தைக் கட்டிப் பிடித்தபடி நானாவின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"நானா, தோத்திட்டம்," என்றான் அஸ்மி.

"தெரியும். நானும் பார்த்துக்கொண்டுதான் நிண்டன்."

"தோத்த வீட்டில சஹன் வைப்பாங்களா எண்டு நீங்கதானே கேக்கிற."

நானா கிடாரத்தை இறக்கினார். "நல்லா யோசிச்சுப் பார்த்தன். படத்தில அவன் தோக்கிறான். உடனே சோறு வருது. அப்ப அந்தச் சோறு ஆருக்கு?"

கிடாரத்தின் மூடியைத் திறந்துகொண்டே அவரே சொன்னார்.

"தோத்தவனுக்குத்தானே. கையக் கழுவுங்க."

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த டவுன் டீம் தலைவனையும் அவர் விடவில்லை. "நீங்களும் வாங்க மகன். வெண்டவனுக்கும் பசிக்கும்." அவன் கிண்ணத்தைப் புல்லில் வைத்துவிட்டு அஸ்மியின் சஹனில் உட்கார்ந்தான்.

"ஆலங்குடாக்காரர் அடுத்த வருசமும் வருவீங்கதானே?" என்று கேட்டான். முகாம் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அதை முதலில் கவனித்தவர் நானாதான். இறைச்சித் துண்டொன்றை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

அஸ்மி வாய் நிறையச் சோற்றோடு, "இப்ப எட்டாம் ரவுண்டுதான் முடிஞ்சிருக்கு," என்றான்.

அதன் பிறகு கொழும்பில் நல்ல திரையில் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். தீர்ப்புச் சொல்லி, பெயர்கள் ஓடி முடிந்து, விளக்கும் போட்டுவிடுவார்கள். எல்லோரும் எழும்பிப் போவார்கள். நான் கொஞ்ச நேரம் கதிரையிலேயே இருப்பேன். சஹன் இன்னும் வரவில்லையே.