லண்டன் டாக்டரின் கடிகாரம்

கப்பல் ஏறாமலே சீமையில் குடியிருந்தவர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தாம். அவர் எங்கள் பிள்ளையார்பாளையத்து லண்டன் டாக்டர். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் ஆங்கிலம் போதித்துவந்தேன். அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். ஆகவே இதில் மிகையேதும் இல்லையென்று வாசகர் நம்பலாம்.

அறுவை மருத்துவத்தில் முறையாகத் தேர்ந்தவர். ஆயினும் இங்கிலாந்து மருத்துவமனையொன்றில் ஓராண்டு பணியாற்றி, கைத்திறனைத் தீட்டிக்கொண்டு திரும்பவேண்டும் என்று கனவு கண்டார். வாய்ப்பு வருமுன்பே கனவு வந்து குடியேறிவிட்டது. சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு அணிந்தார். இட்லியை முள்கரண்டியால் குத்தி உண்டார். தோசை மட்டும் அவருக்கு அடங்கவில்லை. மாலைதோறும் என்னைப் படுக்கவைத்து, ஆங்கில நோயாளியாகப் பாவித்து நலம் விசாரிப்பார். ஒருமுறை நான் பித்தப்பைக் கல்லால் அவதியுறும் சீமாட்டியாகவும் இருக்க நேர்ந்தது. என் மாணவர் எவரும் அதைக் கண்டதில்லை என்றே நம்பிவருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தகத்துச் சுவர்க்கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்தள்ளி, இங்கிலாந்து நேரத்துக்கு ஓடவிட்டார்.

"இப்போ அங்கே விடியுது. புல்லு மேல பனி" என்று நண்பகலில் கண்மூடிச் சொல்வார். ஊசி பிடித்த கை அந்தரத்தில் நிற்கும். நோயாளிகளும் பனி கலையட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

அழைப்பு உண்மையாகவே வந்துவிட்டபோது தெருவே கலங்கியது. ஓராண்டென்று போகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுவதுண்டு என்று நான் விளக்கியது எவருக்கும் ஆறுதல் தரவில்லை. மிகவும் கலங்கியவர் நெசவாளர் ஏகாம்பரம். அவருக்குக் குடலிறக்கம்; புறப்படுமுன் அறுவை செய்து, புண் ஆறும்வரை உடனிருந்து பார்க்க டாக்டருக்கு நாளில்லை. சென்னையில் அறுவை செய்துகொள்ளும்படி டாக்டர் எவ்வளவோ சொன்னார். டாக்டர் கையைத் தவிர வேறு கை தம் வயிற்றில் படாது என்று அவர் மறுத்துவிட்டார்.

புறப்படும் நாளில் வழியனுப்ப வந்த ஏகாம்பரம் சொன்னார்: "பொடவைய அறுத்தெடுத்தாலும் தறியக் காலி பண்ண மாட்டோம், டாக்டரே. அடுத்த பாவு நூலப் பிணைக்கறதுக்கு ஒரு சாண் இழை விட்டுவெப்போம். நீங்களும் ஏதாவது விட்டுட்டுப் போங்க."

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கடிகாரத்தின் சாவியை அவர் கையில் வைத்தார்.

அதுமுதல் மருந்தகத்தைத் திறந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது ஏகாம்பரத்தின் பணியாயிற்று. பூட்டிய மருந்தகத்தின் சன்னல் வழியே கடிகாரத்தைப் பார்க்காமல் தெருவில் எவரும் கடந்ததில்லை. "இப்பதான் எழுந்துகினு இருப்பாரு. அந்தக் குளுர்ல எப்படித்தான் தண்ணி ஊத்திக்கிறாரோ" என்று பெண்கள் இரக்கப்படுவார்கள். வலி கூடிய நாள்களில் ஏகாம்பரத்தைச் சென்னைக்கு அழைத்துப் பார்த்தேன். அவரோ, வயிற்றுப் பட்டையை இறுக்கிக்கொண்டு, "அவரு சாப்புடற நேரம், சார். இப்ப போயி அந்தப் பேச்சு எதுக்கு" என்பார். எனக்கோ நாள்தோறும் அச்சம் மிகுந்தது.

ஓராண்டு முடிந்ததும் டாக்டர் வந்துவிட்டார், கோட்டு இல்லாமல். அங்கேயே நிலையான வேலை தருவதாகச் சொன்னார்களாம், மறுத்துவிட்டாராம். நேரே மருந்தகத்துக்குள் சென்றவர், கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கோடைக்காலத்துல அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வச்சிடுவாங்க, ஏகாம்பரம். பல மாசமா நீங்க என்னைத் தாமதமாத்தான் எழுப்பியிருக்கீங்க."

ஏகாம்பரம் சற்றே யோசித்தார். "இருக்கட்டும், டாக்டரே. அசதியா இருந்திருப்பீங்க. கூடக் கொஞ்ச நேரம் தூங்கினீங்கன்னு வெச்சிக்கங்க."

மறுவாரமே அறுவை நடந்தது. தழும்பைத் தேடித்தான் பார்க்கவேண்டும், அத்தனை நேர்த்தி. ஏகாம்பரம் நலமாகத் தறிக்குத் திரும்பினார். டாக்டரும் கடிகாரத்தை நம்மூர் நேரத்துக்குத் திருப்பிவிட்டுக் கையால் தோசை தின்னத் தொடங்கினார்.

நான் சீமைக்குப் போனவனல்லன். ஆயினும் இன்றும் நண்பகலில் கண்மூடினால், புல்லின் மேல் பனி தெரிகிறது. அது கலையும்வரை எழுந்திருக்க மனம் வருவதில்லை.