சுடச்சுடவுக்கு வைத்த பொறி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பெண்டாங் வயலில் அறுவடை இயந்திரத்துக்குள் புகுந்துவிட்ட மலைப்பாம்பைப் படம் பிடித்து, நாலு வரி எழுதி, பத்திரிகை அலுவலகத்துக்கு பக்கிரிசாமி வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை. அதே பாம்பு, அதே படம், 'கெடா சுடச்சுட' என்ற முகநூல் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது.

தன் ஊரான லூனாஸ் திரும்பி காஜா மைதீனின் ரொட்டிக் கடையில் உட்கார்ந்தால், அங்கேயும் அதே பேச்சு.

"பாம்பு பாத்தீங்களா அண்ணே? இந்தச் சுடச்சுட எவனோ தெரியல, கெட்டிக்காரன் லா!"

"அந்தப் படத்த எடுத்ததே நான்தான் பாய்!"

"நாளைக்குப் பேப்பர்ல வரட்டும், பாக்குறேன்."

பக்கிரிசாமிக்குத் தேநீர் கசந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த நாளிதழுக்குச் செய்தி கொடுக்கிறார். 'நமது நிருபர்' என்று மட்டும்தான் போடுவார்கள். இந்த அநாமதேயப் பக்கத்துக்கோ நாற்பதாயிரம் ரசிகர்கள். 'நீதாம்பா கெடாவோட கண்ணு' என்று ஒருத்தி எழுதியிருந்ததை ஏழு தடவை படித்துப் படித்து வயிறெரிந்தார்.

"எவனோ என் போன ஹேக் பண்ணிட்டான்," என்று மனைவி பாப்பம்மாவிடம் பொருமினார்.

"வயித்தெரிச்சல்ல போன ஒடச்சிராதீங்க. ஆபீஸ்ல சொல்லுங்க."

"சொன்னா, போனையே காப்பாத்தத் தெரியாத ஆளுன்னு வேற ஒருத்தனப் போட்டுருவாங்க. கையும் களவுமா புடிச்சிட்டுத்தான் சொல்லணும்."

பாஸ்வேர்டை மாற்றினார். எட்டு நிமிடத்தில் செய்தி திருடு போனது. புது சிம் போட்டார். ஆறு நிமிடம். கோத்தா கோலா மூடா படகுத்துறையில், சுற்றுமுற்றும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, வலையில் சிக்கிய ராட்சதத் திருக்கையைப் பற்றி அனுப்பினார். மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்குள் சுடச்சுடவில் அந்தத் திருக்கைக்கு எண்ணூறு ஹார்ட்.

மறுநாள் காலை பொறி வைத்தார். காஜா கடையிலேயே உட்கார்ந்து, 'லூனாஸ் காஜா மைதீன் கடையில் இன்று நண்பகல்வரை அனைவருக்கும் இலவச ரொட்டி சானாய்' என்று தட்டி அனுப்பினார். பேப்பர் அச்சேறுவது இரவில்தானே. அதற்குள் அலுவலகத்தில் சொல்லி நிறுத்திவிடலாம்.

நாலாவது நிமிடம் அது சுடச்சுடவில் வந்துவிட்டது. பக்கிரிசாமி மேசையைத் தட்டிச் சிரித்தார். "மாட்டுனியா!"

இருபதாவது நிமிடம் தோட்டத் தொழிலாளர் வேன் ஒன்று வாசலில் நின்றது. பின்னாலேயே நைட் ஷிப்ட் முடிந்த ஃபேக்டரி பஸ்.

"பாய், எனக்கு முட்ட போட்டு ரெண்டு!"

"எவன்யா இலவசம்னு சொன்னது?" கையெல்லாம் மாவோடு காஜா கத்தினார்.

"பொறுங்க பாய், திருடன் சிக்கிட்டான்!" ஒரு காதைப் பொத்திக்கொண்டு பக்கிரிசாமி அலுவலகத்துக்குப் போன் போட்டார். செய்தி வாங்கும் புதுப் பெண் தலீலா எடுத்தாள்.

"தங்கச்சி, அந்த ரொட்டி நியூஸ் பொய்! சுடச்சுடப் பயலப் புடிக்க நான் வச்ச பொறி!"

எதிரே காஜா, பஸ்காரன் நீட்டிய போனைப் படித்துவிட்டு, மெதுவாக நிமிர்ந்து பக்கிரிசாமியைப் பார்த்தார். போனில் தலீலா பதறினாள்.

"ஐயோ அண்ணே, சுடச்சுட நம்ம பேப்பரோட பக்கம் லா, நீங்க அனுப்புறத எல்லாம் நான்தானே ஏத்துறேன்... இத்தன வருசமா ஒழைக்கிறீங்களேன்னு ஆசிரியர்கிட்ட கெஞ்சி, இன்னிக்குத்தான் மொத மொதல்ல உங்க பேரப் போட்டேன்!"