கதவுக்காரியின் கோட்டு

இனிமேல் என் மனைவி சொல்லும் எந்தக் குறையையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது, உறுதியாக முடிவெடுத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயில் நுரை இருந்தது. அதோடு அவளும் பக்கத்திலேயே இருந்தாள்.

நான் டி.வி. தொடர் எழுதுகிறவன். என் தொடரில் பேய் உண்டு, அடிதடி உண்டு, பேய்க்கும் அடி உண்டு. ஒரு பழைய மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தீய சக்தி. அவற்றை ஒழித்துக்கட்ட வாளும் சங்கிலியுமாக ஒரு கூட்டம். கூட்டம் என்றால் சும்மா இல்லை. வாரத்துக்கு ஒரு புது ஆளைக் கொண்டுவருவேன். பின்னால் காற்றடிக்கும், முன்னால் புகை வரும், ஆள் நடந்து வரும். பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

வந்த ஆளை என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியாது.

அதற்கும் என்னிடம் ஒரு வழி இருந்தது. கதாநாயகன் அந்த ஆளைப் பார்த்து, "உள்ள போய் அதை எடுத்துட்டு வா" என்பான். ஆள் உள்ளே போகும். கேமரா கூடவே போகாது. அவ்வளவுதான். பிணம் இல்லை, அழுகை இல்லை, செலவு இல்லை. இப்படித்தான் இறந்தவர்களோடு பேசத் தெரிந்த லிப்ட்காரர் டார்ச் எடுக்க உள்ளே போனார். இரட்டைப் பிறவிகளில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவரப் போனாள். மற்றவள் அவளைத் தேடிப் போனாள். அந்தக் கட்டடத்தில் வெளியே இருப்பவர்களைவிட உள்ளே போனவர்கள்தான் அதிகம்.

என் மனைவிதான் தொடருக்கு உடை தைப்பவள். வீட்டின் பின்னறைதான் அவளுடைய தையலறை. கதையில் உள்ளே போனவர்களின் உடைகள் எல்லாம் அதற்குள் இருக்கும் சின்ன அறையில் ஒரு இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொங்கும். நான் அந்த அறைப் பக்கம் போவதில்லை. தரையில் ஊசி கிடக்கும் என்று காரணம் சொல்வேன். உண்மையில் அந்தச் சட்டைகள் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, லிப்ட்காரர் டார்ச் எடுக்கப் போனாரே, வந்துட்டாரா?"

"வருவாரு."

"எப்போ?"

"தேவைப்படும்போது."

"டார்ச் தேவைப்படலையா? போன வாரம் பூரா இருட்டுலதானே சண்டை போட்டீங்க?"

நான் பிரஷை எடுத்துக்கொண்டேன்.

"சரி, கதவுக்காரி எங்க?"

இதைத்தான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். கதவுக்காரி என் படைப்பிலேயே பெரிய படைப்பு. அவள் நிற்கும் வாசலை எந்த உயிரும் தாண்ட முடியாது, உயிர் போனதும் தாண்ட முடியாது. அவளுக்காகச் சாம்பல் நிறத்தில் தரையைத் தொடும் ஒரு கோட்டு வேண்டும் என்று கேட்டேன். மார்புக்கு உள்பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு பை வேண்டும் என்றும் கேட்டேன். அந்தப் பையை மட்டும் மெஷினில் தைக்காமல் கையாலேயே தைத்தாள் என் மனைவி. தைக்கும்போது பாடிக்கொண்டே தைத்தாள். கதவுக்காரி திரையில் நடந்து வந்து, ஒரு கையால் அந்தப் பையைத் தொட்டு, நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் அன்றிரவு விளக்கை அணைக்காமல் தூங்கினாராம்.

அடுத்த வாரமே அவளை மெழுகுவத்தி எடுத்துவர உள்ளே அனுப்பிவிட்டேன். கதாநாயகனின் பால்ய காலத்தைக் காட்ட வேண்டியிருந்தது. இடம் இல்லை.

"அந்தப் பைக்குள்ள என்ன வெச்சோம்னாவது ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"பைன்னா உள்ள ஏதாவது இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் நான் மேற்படி முடிவை எடுத்தேன்.

முடிவெடுத்த வேகத்தில் கெட்ட செய்தியையும் சொல்லித் தொலைத்தேன். திங்கட்கிழமை தொடரின் கடைசிப் பகுதியை நான் தயாரிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். மேல்மாடியில் இருக்கும் பெரிய தீய சக்தியை ஒரு அறையில் வைத்து அடைக்க வேண்டும். எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அது சரியில்லை என்றால் அடுத்த வருஷத் தொடர் வேறு ஆளுக்குப் போய்விடும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருந்தது.

"தயாரிப்பாளர் அந்தக் கோட்டை வெட்டச் சொல்றாரு. கடைசி அறைக்கு ஜன்னல் திரை வேணுமாம். துணி நல்ல துணியாம்."

"வெட்டணுமா?"

"அந்தம்மாதான் இனிமே வரப்போறதில்லையே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் பயமில்லை, பழக்கம். அவள் கத்தவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் முடிவு முடிவுதானே!

"சரி, நூல் வாங்கிட்டு வரேன். வர நேரமாகும்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்திலேயே வீடு மங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போயிற்று. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரிய தீய சக்தியை எந்தக் கதவில் அடைப்பது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் ஏதோ உருண்டது.

எலியாக இருக்கும் என்று நினைத்தேன். எலி உருளாது என்பது அப்புறம்தான் உறைத்தது. எழுந்து போய் நடைவழியில் எட்டிப் பார்த்தேன். நடைவழியின் கோடியில் கதவுக்காரியின் கோட்டு நின்றுகொண்டிருந்தது. தொங்கவில்லை, நின்றது. தோள் இருந்தது, மார்பு இருந்தது, இரண்டு பக்கமும் கைகள் இருந்தன. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

மனைவிதான் காயப் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்த தடவை பார்த்தபோது அது சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றது. கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழையில் எங்கோ நடந்துவிட்டு வந்த கோட்டு!

அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தேன். பின்னால் மழைச் சத்தத்தோடு அவள் குரல் வந்தது.

"என்னங்க?"

"கோட்டை ஏன் நடுவீட்டுல வெச்சுட்டுப் போன?"

"எந்தக் கோட்டை?"

"கதவுக்காரி கோட்டைத்தான்!"

"அதைப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுத்தானே வந்தேன். திங்கக்கிழமை வெட்டணுமே."

"நல்லாப் பூட்டினியா?"

"ஏன், உங்க குரல் ஏன் இப்படி ஆடுது?"

"போன் சரியில்ல" என்று வைத்துவிட்டேன்.

இந்த வீட்டில் இனி ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது என்று தோன்றியது. கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போய் எதையாவது கூட்டிக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். செருப்பைக்கூடத் தேடாமல் தாழைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசல் கதவுக்கு முன்னால் அவள் நின்றாள்.

கோட்டை 'அவள்' என்று நான் நினைத்தது அப்போதுதான். அவள் நிற்கும் வாசலை எந்த உயிரும் தாண்ட முடியாது. எழுதியவன் நான். எனக்கு மட்டும் விதிவிலக்கு எழுத மறந்திருந்தேன். வெளிச்சம் இல்லாத அந்த நடையில், தலையில்லாத கழுத்து என்னைப் பார்த்தது. ஒரு சட்டைக்கை மடங்கி மார்பின் மேல் இருந்தது. சற்று முன் அந்தக் கை கீழே தொங்கிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. விளக்கு ஒருமுறை துடித்துவிட்டு எரிந்தது. பின்னறையில், ஆளில்லாத பின்னறையில், தையல் மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. தடதடதடவென்று, நிற்காமல், யாரோ அவசர அவசரமாக எதையோ தைத்து முடிக்கிற மாதிரி. உள்ளே போன எல்லாரும் உடை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று நினைத்தேன். டார்ச்சோடு லிப்ட்காரர் வருவார். தண்ணீரோடு இரட்டையர் வருவார்கள். என்னிடம் என்ன கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வேன்? இரண்டு கையையும் கூப்பினேன்.

"தாயே! உனக்கு என்னதான் வேணும்?"

மடங்கிய கை மட்டும் மார்பைக் காட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் கையை விட்டேன். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. நகம்! கத்திவிட்டேன். கத்தினாலும் கையை எடுக்கவில்லை, எடுக்கத் தெம்பில்லை. பை தட்டுப்பட்டது. அதற்குள் கனமாக ஒரு இரும்புச் சாவி இருந்தது. அந்தச் சாவி, நம்புங்கள், வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது ஞாபகம் வந்தது. எந்த மந்திரத்தாலும் பூட்ட முடியாத கதவைப் பூட்டும் சாவி. கோட்டுக்கு அளவு சொன்ன அன்று நானே வாயால் சொன்னது. கதை முழுவதும் முடிவைத் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவளைத்தான் நான் மெழுகுவத்திக்கு அனுப்பியிருந்தேன்.

அறைக்கு ஓடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, திரும்பியே பார்க்காமல் எழுதினேன். கதவுக்காரி இருட்டிலிருந்து வருகிறாள். ஒரு கையில் மெழுகுவத்தி, மறு கையில் பெரிய தீய சக்தியைப் பூட்டும் சாவி. பின்னால் லிப்ட்காரர், இரட்டையர், உள்ளே போன அத்தனை பேரும். பின்னறை மெஷின் எப்போது நின்றது என்று தெரியாது. வாசல் மணி அடித்தபோதுதான் தலையை நிமிர்த்தினேன். வாசலில் கோட்டு இல்லை. கதவைத் திறந்தால் மனைவி.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. கோட்டை வெட்ட வேண்டாம்."

"ஏன், தயாரிப்பாளர் சொன்னாரே?"

"அவர் கிடக்காரு. நான் சொல்றேன், வெட்டாத. தொடவே தொடாத!"

"சரிங்க. நீங்க சொன்னா சரி" என்றாள். குடை நனைந்திருந்தது. கால் நனையவில்லை. அதை நான் கவனித்தேன், யோசிக்கவில்லை.

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. கணக்கு வாத்தியார் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "லிப்ட்காரர் வந்துட்டாரு சார், வந்துட்டாரு" என்றார். தயாரிப்பாளர் எங்கள் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். அடுத்த வருஷம் முழுவதும் கதவுக்காரியின் கதைதான் என்று அறிவித்தார். நான் கழுத்தில் மாலை விழுந்தவன் மாதிரி வீடு திரும்பினேன்.

"பாத்தியா? யார் யோசனையும் இல்லாம முடிச்சுக் காட்டிட்டேன்."

"எப்படிங்க தோணுச்சு?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன். தோணுச்சு."

அவள் சிரிக்கவில்லை. பின்னறைக்குள் போய், காலால் எதையோ லேசாகத் தள்ளினாள். வாசல்படி தாண்டி, நடைவழியில், கதவுக்காரியின் கோட்டு நிமிர்ந்தபடி உருண்டு வந்து என் முன்னால் நின்றது. நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

"இறங்குங்க. தையல் பொம்மை. அடியில சக்கரம் இருக்கு. இந்த அறைக்குள்ள ஒரு நாளாவது வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீ... நீ கடைக்குப் போகல?"

"வாசல் வழியாப் போயி கொல்லை வழியா வந்துட்டேன்."

"மெஷின் தானா ஓடுச்சே?"

"மிதிக்கிற கட்டை மேல இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வெச்சேன். கரண்ட் வந்ததும் ஓடுச்சு."

"நகம் குத்துச்சே!"

"கையை மடக்கிக் குண்டூசி குத்தியிருந்தேன். கீழ் ஓரத்தையும் நானேதான் நனைச்சுவிட்டேன்."

"சாவி வெதுவெதுன்னு இருந்துச்சேம்மா!"

"அதுவரைக்கும் என் இடுப்புலதானே செருகியிருந்தேன்."

நாற்காலியிலிருந்து இறங்கினேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் குரல் வேறு மாதிரி வந்தது.

"சொல்லியிருக்கலாமே. ஏன் இப்படிப் பயமுறுத்தின?"

"எத்தனை தடவை சொல்றது? நீங்க எழுதின பேயைப் பாத்து நீங்க பயப்படவே இல்ல. நான் தைச்ச பேயைப் பாத்துத்தான் பயந்தீங்க." கோட்டின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். "விருந்துல நீங்க கை கழுவப் போனப்போ இதைத்தான் தயாரிப்பாளர்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அடுத்த வருஷக் கதையை என்னையே எழுதச் சொல்லிட்டாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்போ நான்?"

"நீங்க இல்லாமலா? இருப்பீங்க."

"எதுல இருப்பேன்? எனக்கு என்ன வேலை?"

"யோசிப்போம்" என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இப்போதைக்கு உள்ள போய் அந்தக் கறுப்பு நூல்கண்டை எடுத்துட்டு வாங்க."

தையலறைக்கு உள்ளே அந்தச் சின்ன அறை. அங்கேதான் அந்தக் கம்பி இருந்தது. போனேன். லிப்ட்காரரின் சீருடைக்கும் இரட்டையரின் கவசத்துக்கும் நடுவே, கதவுக்காரியின் கோட்டு தொங்கிய கொக்கி இப்போது காலியாக இல்லை. அதில் என் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது.