வன்மையாகக் கண்டிக்கும் சாமித்தம்பியார்

வாசகரே, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் எல்லாப் பருவத்திலும் செழித்து வளரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். கண்டனக்காரர் என்பது அதன் பெயர். இது உழாது, வலை வீசாது, கடை வைக்காது. ஆனால் உழுதவன் ஏன் பிந்தி உழுதான், வலை வீசியவன் ஏன் அங்கே போய் வீசினான், கடைக்காரன் ஏன் நேரத்தோடு பூட்டினான் என்று நாள்தோறும் அறிக்கை விடும். எங்கள் நாவற்குடாவுக்கு வாய்த்தவர் சாமித்தம்பியார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வாவிக்கரை விழிப்புக் கழகத்தின் தலைவர். செயலாளரும் அவர்தான். உறுப்பினர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அறிக்கையில் "கண்டிக்கிறோம்" என்றுதான் போடுவார்.

அந்த வினைச்சொல்லின் மீது அவருக்குள்ள பாசத்தை என்னவென்பது! வீதியில் அகப்பட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"கண்டிக்கிறது எண்டா முந்தி என்ன கருத்து தெரியுமா மனே? வெட்டிறது! துண்டு துண்டா வெட்டிறது. வடமொழியில இருந்து வந்த சொல்லு. கண்டம் எண்டா துண்டு. பிறகு மறுத்துப் பேசிறதுக்கு வந்து, மறுகா ஏசிறதுக்கும் வந்தது."

உண்மைதான். வாளோடு புறப்பட்ட சொல், பண்டிதர்களின் வாதத்துக்குள் புகுந்து, வாத்தியாரின் பிரம்புக்கு இறங்கி, கடைசியில் சாமித்தம்பியாரின் ஒலிவாங்கியில் வந்து மாட்டிக்கொண்டது. இப்போது அதனால் ஒரு வாழைத்தண்டைக்கூட வெட்ட முடியாது. அதனால்தான் "வன்மையாக" என்று முன்னால் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன மாரியில் மழை விடாமல் கொட்டியது. வாவி நிரம்பி, சித்தாண்டிப் பக்கத்து வட்டை வெளியில் கதிர் தள்ளக் காத்திருந்த வயல்களுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அதில் ஒன்று சாமித்தம்பியாரின் மைத்துனன் டிலக்சனுடையது. வாவி கடலில் சேரும் ஆற்றுவாயை மணல் அடைத்துக் கிடந்தது. அதை வெட்டிவிட்டால் தண்ணீர் வடியும், நெல் தப்பும். டிலக்சன் நனைந்தபடியே ஓடிவந்தான்.

"அத்தான், நாளைக்குக் காலமை பெரிய ஐயாமாரச் சந்திக்கப் போறம். உங்களுக்கு அங்க ஆக்களத் தெரியும், ஒருக்கா வாங்க. இன்னும் கொஞ்சம் தண்ணி நிண்டா பயிர் அழுகிரும்."

"நீ யோசியாத. நான் கண்டிக்கிறன்."

உட்கார்ந்தார். "வன்மையாக" போதுமா, "மிக வன்மையாக" வேண்டுமா? மிக வன்மையைப் போன மாதம் தெருநாய்களுக்குச் செலவழித்தாயிற்று. "மிக மிக" என்றால் சனம் சிரிக்கும். அவர் இப்படி நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, விவசாயிகள் போனார்கள், மழையில் நின்றார்கள், பேசினார்கள், உத்தரவோடு திரும்பினார்கள். இயந்திரம் வந்து மணலை வெட்ட, தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குப் போனது. டிலக்சனின் நெல் தலை தூக்கியது. அந்த நல்ல நேரத்தில்தான் அச்சகத்திலிருந்து பதாகை வந்து சேர்ந்தது: "ஆற்றுவாய் வெட்டப்படாததை மிக வன்மையாகக் கண்டிக்கிறோம்!" நெல் தப்பிய ஊரில் துக்கம் காத்தவர் அவர் ஒருவரே.

அச்சடித்ததை வீணாக்கலாமா? ஆற்றுவாயை வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும், தோணிக்காரருக்கு மனம் நோகும் என்பது அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. "வெட்டப்படாததை" என்ற சொல்லின் மேல் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி, "வெட்டியதை" என்று எழுதி, சந்தியில் கட்டிவிட்டுப் படமெடுக்க நிமிர்ந்து நின்றார். மீன் வாங்கிக்கொண்டு வந்த மனைவி கண்ணகை நின்று வாசித்தார்.

"என்ட தம்பிட வயல் தப்பினதயா கண்டிக்கிறீங்க?"

"இல்ல கா, இது கொள்கை..."

"அவன் வந்து கெஞ்சினான், ஒரு எட்டுப் போகல்ல. மறுகா என்னத்துக்கு இந்தப் பெனரு? வெள்ளத்தில உடைஞ்ச வரம்பு அங்க கிடக்கு. போய்க் கட்டிக் குடுங்க. அதுவரைக்கும் வீட்டில உங்களுக்குச் சோறில்ல."

ஆட்டோக்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கண்ணகையின் கண்டனத்துக்குப் பதாகையில்லை, ஒலிவாங்கியில்லை, "வன்மையாக" என்ற முட்டுமில்லை. எனக்கு மனம் குளிர்ந்துபோனது. மறுநாள் சாமித்தம்பியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவர் கட்டிய வரம்பு பாம்பு போல நெளிந்து கிடக்கிறது. டிலக்சன் அதைப்பற்றி அறிக்கை எதுவும் விடவில்லை.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் ஒழுங்கை முனையில் கழிவுநீர்க் கான் அடைத்து நாறியபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு படமெடுத்து, "வெட்கக்கேடு!" என்று முகநூலில் போட்டுவிட்டு, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? அந்தக் கானை அடைத்துக்கொண்டிருந்த குப்பைப் பை உங்கள் வீட்டுடையது என்று எதிர்வீட்டுத் தனுஷியா சொல்கிறார். நீங்கள் எடுத்த படத்திலேயே தெளிவாகத் தெரிகிறதாம்.