மலையில் விட்ட புண்ணியம்

நான் ஒரே ஒரு முறைதான் புண்ணியம் செய்திருக்கிறேன். அது பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்து என்னைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் வீடு சுசீந்திரத்துக்குப் பக்கத்தில். வயலுக்கு டிராக்டர் வந்த பிறகு காளைக்கு வேலையில்லை. கறிக்கு விற்பதைப் பற்றிச் சைவக் குடும்பத்தில் வாயே திறக்க முடியாது. அதனால் சிலர் ஒரு வழி வைத்திருந்தார்கள். டெம்போவில் ஏற்றி, பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் விட்டுவிடுவது. அதற்குப் பெயர் புண்ணியம். எங்கள் செவலைக் காளையை நானே கொண்டுபோய் விட்டேன். (வரும் வழியில் குலசேகரத்தில் நாலு ரசவடை சாப்பிட்டேன். புண்ணியம் செய்தால் பசிக்கும்.)

இரண்டு வருடம் கழித்து முதல் வேலை கிடைத்தது. மலையில் காடேறித் திரியும் மாடுகளை என்ன செய்யலாம் என்று அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதும் சர்வே. மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம் என்றார் மேலதிகாரி. செவலையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அது இந்நேரம் கேரளாவுக்கே போயிருக்கும் என்று நம்பினேன்.

காணிக் குடியிருப்பில் மாதவி அக்காவின் மரச்சீனித் தோட்டம் பாதி காலி. ஐந்து மாடுகள் தின்றுவிட்டன. அந்த மரவள்ளிக் கிழங்குதான் அவர் வீட்டுக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு. மேலதிகாரி மின்வேலி, மயக்க ஊசி என்று விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நீ இஞ்ச வந்து நில்லு."

விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு தோட்டத்து ஓரத்தில் நின்றேன். (போட்டோ எடுப்பார்கள் அல்லவா?) அக்கா வாழைத்தண்டை வெட்டிப் போட்டார். புதருக்குள்ளிருந்து ஐந்து மாடுகள் வந்தன. நான்கு வாழைத்தண்டுக்குப் போயின. ஐந்தாவது நேராக வந்து என் பேன்ட் பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்தது. முன்பெல்லாம் செவலைக்குக் கொடுக்கும் கருப்பட்டித் துண்டை நான் அங்கேதான் வைத்திருப்பேன்.

"தம்பி, இந்த மாட்டுக்கு உன்னைத் தெரியுமா?" என்றார் மேலதிகாரி.

"எல்லா மாட்டுக்கும் என்னைப் பிடிக்கும் சார்."

செவலை என் கழுத்தை நக்கியது.

மாதவி அக்கா சிரிக்கவில்லை. "கீழேருந்து ஆரு வந்தாலும் இப்பிடித்தான் நிப்பாட்டிப் பாப்போம். காட்டு மாடுன்னா ஆளக் கண்டா ஓடும் சாரே. இது ஆளத் தேடுது. எங்களுக்கு வேலியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். விட்டவன் வந்து கொண்டு போவட்டு. ஒங்க புண்ணியம் எங்க மரச்சீனியத் திங்குது."

முகம் எரிந்தது. அங்கேயே ஒப்புக்கொண்டேன். வெட்கம் ஒரு பக்கம். இவ்வளவுக்குப் பிறகும் செவலை என்னை மறக்கவில்லையே என்ற அழுகை இன்னொரு பக்கம்.

அக்கா சொன்னதை மேலதிகாரி அப்படியே அறிக்கையில் எழுதினார். என் வேலை நிரந்தரமாகவில்லை. அன்று மலையில் டெம்போவும் கிடைக்காமல், செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலசேகரம் வரை நடந்து, அங்கே ஒரு டெம்போ பிடித்தேன். வீட்டு வாசலில் அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே, சம்பளத்த மாடாவா குடுத்தானுவ?"

நடந்ததைச் சொன்னேன். அடுத்த மாதம் அவரும் நானும் போய் அக்கா தோட்டத்தில் மரச்சீனிக் கம்பு நட்டுக் கொடுத்தோம். அப்பா அங்கே தலை நிமிரவே இல்லை.

செவலை இப்போதும் எங்கள் தொழுவத்தில்தான் நிற்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மனைவிக்குக் கதை தெரிந்துவிட்டது. எங்களுக்குள் சண்டை முற்றினால் ஒன்றுதான் சொல்வாள்:

"என்னைய மலையில கொண்டு விட்டுரலாம்னு மட்டும் நெனக்காதீங்க. நானும் ஆளக் காட்டிக் குடுத்துருவேன்."